அடுப்பு மூட்ட வரும் ஆர்வல்

கித்தெல்,

நீ பால் கறந்துவிட்டு வருவதற்குள் கிளம்புகிறேன். கள்ளச்சாராயப் பீப்பாய்களை நம் கோழிக் கொட்டகையில் ஒளித்துவைக்க மாட்டேன் என்றதற்கு, "யூதப் பயலே, வீட்டோட கொளுத்திடுவோம்டா" என்று மிரட்டிப் போனார்களே, அவர்கள்மேல் டவுனில் புகார் கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள். அப்புறம் நாம் வண்டி ஓட்டக்கூடாது, டவுனிலேயே தங்கிவிடுவேன். நாளை இருட்டிய பிறகுதான் வருவேன்.

கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். பின்னல் ரொட்டியில் எனக்கும் கொஞ்சம் எடுத்து வை.

நாளைக் காலை அடுப்பு மூட்ட ஆர்வல் வருவான். ஓய்வுநாளில் நாம் நெருப்பைத் தொடக்கூடாதுதான், யூதனல்லாத அவன் தொடலாம், சரி. மூட்டினோமா போனோமா என்று இல்லாமல் மணிக்கணக்காக என்ன பேச்சு? கேட்டால், "அவராவது சிரிக்க வைக்கிறாரு, உங்களுக்கு முறைக்கத்தான் தெரியும்" என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸெலிக்

மறந்துவிட்டேன்: யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே.

ஆர்வல் தட்டினால் திற. இப்போதுதான் வேலியோரம் நின்றான், இன்று ராத்திரியே துப்பாக்கியோடு வரச் சொன்னேன். நமக்காகத் துப்பாக்கி தூக்க இந்த வட்டாரத்தில் வேறு ஒருத்தனும் இல்லை. வெளியே குளிர். உள்ளே விட்டுத் தாழ்போடு. என் வயிற்றெரிச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்.