எதிரே வராத வண்டிகள்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பனி. வேன் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தாயிற்று, மங்கல் போகவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மங்கல் கண்ணாடியில் இல்லை, வலது கண்ணில். புரை. அடுத்த வாரம் வியாழன் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்று செய்ய:
பின் டயர் காற்று.
சிஸ்டரிடம் லீவ்.
நாளைக்குச் சேலம். ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணுக்குள்ளே படம் எடுக்கணுமாம். மகள் ஜெனி கூட வருகிறாள்.
கால் நகம் வெட்ட. (படம் கண்ணுக்குத்தான். இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி.)

கன்னியர் மடத்துச் சிஸ்டர்தான் நான் வேன் ஓட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு எல்லாம். லீவ் கேட்டதும், "நல்லபடியா போய்ட்டு வாங்கண்ணா. உங்களாட்ட நிதானமான டிரைவருக்கு நான் எங்க போறது?" என்றார். தலையைச் சொறிந்துகொண்டு வந்தேன்.

நிதானம். ஊரே சொல்கிறது. பனியில் எதிரே லைட் தெரிந்தால் நான் ஓரங்கட்டி நிற்கிறேனாம். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுகிற மரியாதை என் ஒருத்தனிடம்தான் மிச்சமாம். ஆகஸ்ட் பதினைந்துக்கு பெற்றோர்கள் சேர்ந்து பொன்னாடை போட்டார்கள். சிவப்பு, சரிகைக்கரை. "தேர்ல வெச்சா இழுத்துட்டே போயிரலாம்" என்றாள் என் மனைவி.

இன்றைக்கும் கரடியூர் வளைவில் வலப்பக்கம் பளிச். ஓரங்கட்டினேன். பதினாலு பிள்ளைகளும் வேனோடு நின்றன. வண்டி வரவில்லை.

என் பின் சீட்டிலிருந்து பேத்தி ரீனா, ஜெனியின் மகள், இரண்டாங்கிளாஸ்: "தாத்தா, யாருமே வல்லியே?"

"எஸ்டேட் கேட்டுக்குள்ள திரும்பிருச்சு கண்ணு."

அங்கே எஸ்டேட் கேட் கிடையாது.

நவம்பர் 12, புதன்

சேலத்தில் வெயில். ஸ்வெட்டரோடு போனது நான் ஒருத்தன்தான்.

வாசலில் ஒரு பொண்ணு ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி. சர்க்கரை? இல்லை. பிரஷர்? கொஞ்சம். கண்ணுக்கு முன்னாடி கொசு பறக்கிற மாதிரி? எப்பவாவது. மின்னல் மாதிரி வெளிச்சம்?

ஜெனி பக்கத்திலேயே நின்றாள். "இல்லீங்க" என்றேன். அத்தனை சுத்தமாக வந்தது அந்தப் பொய்.

சொட்டு மருந்து, நாலு தடவை. எரிச்சல். ஒரு மணி நேரத்தில் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. பிறகு இருட்டறை. தாடையை வை, நெற்றியை ஒட்டு, பச்சைப் புள்ளியைப் பார், இமைக்காதே. இமைக்காதே என்றால்தான் இமை துடிக்கிறது. "ஐயா, மூணாவது தடவை எடுக்கிறேன்" என்றான் மிஷின் பையன். லைசென்ஸ் போட்டோவிலும் எனக்குக் கண் மூடித்தான் இருக்கிறது.

டாக்டர் அம்மா சின்ன வயசு. படத்தை டிவியில் காட்டினார். அடுக்கடுக்காக, மண் சரிந்த மலை போல. அதற்கு மேலே மெல்லிசாக ஒரு நூல்.

"கண்ணுக்குள்ள நுங்காட்ட ஒரு ஜெல்லி இருக்குங்கய்யா. வயசானா சுருங்கி, பின்னால இருக்கிற திரையை விட்டுப் பிரியும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். உங்களுக்கு முழுசாப் பிரிஞ்சிருச்சா, பாதியில நிக்குதான்னு பாக்கத்தான் இந்தப் படம்."

"நிக்குதுங்களா?"

"நிக்குது. இதோ இந்த எடத்துல நூல் திரையைப் பிடிச்சு இழுக்குது. இப்படியே புரை எடுத்தா, அப்புறம் ஜெல்லி சட்டுனு பிரியறப்ப திரை கிழியலாம்." ஃபாரத்தைப் பார்த்தார். "வெளிச்சம் அடிக்கறது இல்லைன்னு போட்டிருக்கு. அடிக்கணுமே?"

ஜெனி முந்திக்கொண்டாள். "அப்படியெல்லாம் இல்லீங் டாக்டர். எங்கப்பா ஸ்கூல் வேன் ஓட்டறாருங்க. மலைல அவராட்ட பாத்து ஓட்டறவங்க கிடையாது."

அவள் பெருமையைக் கேட்டதும் உட்கார்ந்திருந்த ஸ்டூல் சுட்டது.

"அடிக்குதுங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்க ஓரம். எதுக்க வண்டி லைட் போடுதுன்னு நெனச்சு நிறுத்திருவேனுங்க."

ஜெனி சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஜெனியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

மறுபடி வெளிச்சம் காட்டி, கண்ணை அமுக்கி, ஓரமெல்லாம் பார்த்தார். ஒரு இடத்தில் திரை நைந்திருக்கிறதாம். கிழியவில்லை. சனிக்கிழமை லேசர் வைத்து ஒட்டணும். புரை ஆபரேஷன் தள்ளிப்போகிறது. வேன் சாவியைத் தொடக்கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் மருந்து இறங்காத கண்ணோடு நான். ஜெனி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பாதி மலை ஏறினதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"ஏனுங்கப்பா. எம்புள்ளையும் அதுலதானுங்க வர்றா."

நவம்பர் 13, வியாழன்

மழை. வேனை வேறு டிரைவர் எடுத்துப் போனான். சின்னப் பையன், ஹாரன் அதிகம்.

நேற்று எழுதாமல் விட்டது. இந்த நோட்டிலும் பொய் எழுதினால் என்னை எங்கே வைப்பது.

வெளிச்சம் ஈஸ்டருக்கே வந்துவிட்டது. முதலில் நிஜமாகவே எதிர் வண்டி என்றுதான் நினைத்தேன். ஜூனில் ஒரு ஞாயிறு, கோயிலில் கண்ணை மூடி முட்டி போட்டிருக்கும்போது வலப்பக்கம் பளிச். பீடத்துப் பக்கம் எந்த லாரி வரும்? அன்றைக்கே தெரியும், இது என் கண்ணுக்குள் என்று. தெரிந்தும் ஓட்டினேன். தெரிந்தும் ஆகஸ்டில் கழுத்தை நீட்டினேன். இல்லாத வண்டிக்கு வழி விட்டவனுக்குப் பொன்னாடை!

ஏன் சொல்லவில்லை? சொன்னால் வேன் போகும். வேன் போனால் நான் யார்? எட்டாம் கிளாஸ் பெயில். காலையில் பதினாலு பேர் "குட்மார்னிங் தாத்தா" சொல்கிற ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஜெனி போனில்: "சிஸ்டர்கிட்ட நீங்களே சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?"

"லேசர் முடியட்டும் சாமி."

"கண்ணை ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துக்குவாங்க. நான் கேட்டது வேற."

ரசத்தில் உப்பு இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 15, சனி

லேசர். கண்ணில் ஒரு கண்ணாடியை ஒட்டி வைத்துப் பச்சை பச்சையாக அடித்தார்கள். ஊசியால் தட்டுகிற மாதிரி. பத்து நிமிஷம். டாக்டர் அம்மா, "நேரத்துக்கு வந்தீங்க" என்றார். அவருக்கு ஜூன் கதை தெரியாது.

ரீனாவை ஜெனி பஸ்ஸில் கூட்டிப் போகிறாளாம் வியாழனிலிருந்து. வேனில் இப்போது வேறு டிரைவர்தானே என்றேன். "தெரியுங்கப்பா" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசையில் எனக்காக ஒரு மன்றாட்டு. "நம் பிள்ளைகளைக் கண்ணின் மணிபோல் காத்து வரும் நம் ஓட்டுநர் அண்ணன் சுகம் பெற." எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னார்கள். ஜெனி வாயைத் திறக்கவில்லை. நான் செருப்பில்லாத காலைப் பார்த்தேன். நகம் நன்றாக வெட்டியிருந்தது.

வெளியே வந்ததும் சிஸ்டரைத் தனியே நிறுத்தி எல்லாம் சொன்னேன். ஜூனில் தெரிந்துகொண்டது வரை சொன்னேன்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு ஊட்டுக்கு வந்திருப்பேன்.

"புள்ளைங்க பேரெல்லாம் தெரியுமில்லீங்களா உங்களுக்கு?"

"பதினாலும் தெரியுமுங்க."

"நாளைக்கு வேன்ல முன் சீட்ல உட்காந்து போங்க. ஒவ்வொரு ஸ்டாப்லயும் எறங்கிச் சொல்லுங்க. நாஞ் சொன்னா அது சர்க்குலர் ஆயிரும்."

"வேலைங்க சிஸ்டர்?"

"அதை அவங்ககிட்ட சொல்லிட்டு வந்து கேளுங்க."

நவம்பர் 17, திங்கள்

பனி இல்லை. மறைந்து நிற்க ஒன்றுமில்லாத காலை.

மனைவி கட்டம் போட்ட சட்டையை எடுத்து வைத்தாள். "பொண்ணு பாக்கவா போறேன்?" என்றேன். "போங்க" என்றாள். அவளுக்கும் நேற்று ராத்திரிதான் தெரியும்.

முதல் ஸ்டாப். கடைக்காரர், இரட்டைப் பிள்ளைகளின் அப்பா. நான் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு. "அட வுடுங்கண்ணா, இல்லாத வண்டிக்கு நின்னீங்க. இருக்கிற வண்டிக்கே நிக்காதவன்தான் நொம்பப் பேரு." தோளைத் தட்டினார். தப்பித்தேன் என்று ஒரு நொடி மனசு துள்ளியது. அந்தத் துள்ளலுக்கே என்னை அறையலாம்.

இரண்டாவது, கரடியூர். காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிற அம்மா, கூடையோடு நின்றார். ஒரே மகள், யு.கே.ஜி. பொன்னாடையை என் தோளில் போட்டது இந்த அம்மாதான். சொன்னேன். டிரைவர் பையன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான்.

அந்த அம்மா பிள்ளையை இழுத்துத் தன் சேலைக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். வேனைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து.

"ஏனுங்க. வராத வண்டிக்கு லைட் தெரிஞ்சுது, நின்னீங்க. செரி. அந்தப் பொரைக் கண்ணுல, வந்த வண்டி லைட் தெரியாம இருந்திருந்தா?"

"தெரியலீங்க."

"ஒருக்காவாவது அப்படி ஆச்சுங்களா?"

யோசித்தேன். ஜூலையில் ஒரு ஜீப், மூக்குக்கு முன்னால் வரும்வரை தெரியவில்லை. அடித்துப் பிடித்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். பிள்ளைகள் ராட்டினம் என்று கைதட்டினார்கள். இதை ஜெனியிடம் சொல்லவில்லை. சிஸ்டரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

"ஒருக்கா ஆச்சுங்க" என்றேன்.

அந்த அம்மா பிள்ளையைத் தூக்கி வேனில் ஏற்றி, பையை மடியில் வைத்து, கதவைத் தானே சாத்தினார். சாத்தியது சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பையன் வண்டியை எடுத்தான். "அண்ணா, மிச்சம் இருக்கிறவங்ககிட்ட ஜீப்பையும் சொல்லுவீங்களா?"

அடுத்தது செம்மநத்தம். நாலு பேர் நிற்கிறார்கள்.

"சொல்லணும். நிறுத்து."