மூன்றாவது ஸ்பீக்கர்

சின்னமனூர்,
17-8-1986

தம்பி ஞானதுரைக்கு, மதினி ஜெபராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். பத்து மாதமாக இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு வரி போகவில்லை. அத்தைக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நான் எழுதவில்லை. உங்கள் பம்பாய் விலாசத்தை உங்கள் கூட்டாளி காமராஜிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்கவே யோசித்தார். "திட்டி எழுதுறதா இருந்தா வேணாம் மதினி, அவன் ஏற்கெனவே பாதி உசுராத்தான் இருக்கான்" என்றார். திட்டுவதற்கு அல்ல என்று சத்தியம் செய்தேன். சத்தியம் பண்ணாதே என்று வேதத்தில் இருப்பது எனக்கும் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

அத்தைக்குக் காலில் இருந்த புண் ஆறி வருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்லி வாரத்தில் இரண்டு நாள் ஏமாற்றுகிறார்கள். செல்வி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை கிடைத்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் விட்டு முதல் போக நடவு முடிந்தது. மேகமலைப் பக்கம் நல்ல மழை. ஏலக்காய் பறிப்பு தொடங்கிவிட்டதால் காலையில் மலைக்குப் போகும் ஜீப்புகள் நம் தெரு முனையைத் தாண்டித்தான் போகின்றன. அந்த நேரத்தில் நான் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். உங்கள் அண்ணனை அடக்கம் பண்ணிய அன்று, கல்லறைத் தோட்டத்தில் சபை ஐயர் ஜெபம் முடிக்கும் முன்பே, ஊர் முன்னால் நான் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "நீ மாட்டிவிட்ட பாட்டுப் பெட்டிதான் அவரைக் கொன்னுருச்சு. இனி என் முகத்துல முழிக்காத" என்றேன். கொழுந்தனை நீ என்று நான் சொன்னது அன்றைக்குத்தான். அந்த வாரமே தேனி ரேடியோ கடை வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அதை வைத்து நீங்கள் கேலி செய்வீர்கள். ஆனாலும் அன்று நான் பேசியது வாய்த்துடுக்கு இல்லை, தம்பி. மனதார நம்பித்தான் பேசினேன்.

லாரிக்காரர் போலீசில் சொன்னதை வைத்து எல்லோருமே அப்படித்தான் நம்பினோம். எஸ்டேட்டிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு அவர் இறங்கி வருகிறார். மேலேயிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வர, உங்கள் அண்ணன் நம் ஜீப்பைக் காலியாக ஓட்டிக்கொண்டு ஏறுகிறார். "வளைவுல மூணு தடவை ஹாரன் அடிச்சேன், அவுக வண்டிய ஒதுக்கவே இல்லை, நேரா பள்ளத்துல விட்டுட்டாக" என்றார். ராஜமணி ஜீப் என்றால் பாட்டுச் சத்தம் முன்னால் வரும், வண்டி பின்னால் வரும் என்று ஊருக்கே தெரியும். பாட்டில் ஹாரன் கேட்கவில்லை என்று முதலில் யார் சொன்னார்கள் என்று இப்போது நினைவில்லை. எனக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

போன மாதம் கேஸ் முடிந்து, ஜீப்பில் இருந்த சாமான்களை ஸ்டேஷனில் கொடுத்தார்கள். ஸ்டெப்னி, தார்ப்பாய், அவர் செருப்பு ஒன்று, உங்கள் ஆம்பிளிபயர் பெட்டி, மூன்று ஸ்பீக்கர். அந்தப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ கடை வைத்திருக்கிற ஒச்சாண்டியிடம் கொண்டுபோய், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பெட்டியைத் தொடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் ஆம்பிளிபயருக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் இரண்டு, கருகிப் போய் இருந்தன. கூடவே ஒரு சீட்டு: ராஜமணி ஜீப், வியாழக்கிழமை.

உங்கள் அண்ணன் இறந்தது சனிக்கிழமை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமையே பெட்டி எரிந்துபோய் ஒச்சாண்டியிடம் வந்திருக்கிறது. எரிந்ததைக் கழற்றிவிட்டு, புதிது மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி, வெறும் பெட்டியை அவரே திரும்ப ஜீப்பில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஆகையால் சனிக்கிழமை அந்த ஜீப்பில் பாட்டு ஓடவில்லை. ஓட வழியே இல்லை. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று ஒச்சாண்டியிடம் சண்டைக்குப் போனேன். "போலீசு, கோர்ட்டுன்னு இழுப்பாகன்னு பயந்துட்டேம்மா. துரைத்தம்பி ஊரை விட்டே போவாருன்னு நெனைக்கலை" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஞானதுரை, உங்கள் பெட்டி உங்கள் அண்ணனைக் கொல்லவில்லை. நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன பொய், ஆனாலும் பொய்தான். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்லிவிட்டேன். அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். இத்தனை நாளில் என்னை ஒரு சொல் சொல்லாத அத்தை, வீட்டுக்கு வரும் வழியில், "எம்புள்ளையக் கூட்டியாந்துரு ஆத்தா" என்று மட்டும் சொன்னார்கள்.

கடிதம் இதோடு முடிந்திருக்க வேண்டும். முடிக்க முடியவில்லை.

பெட்டி ஏன் எரிந்தது என்று ஒச்சாண்டியிடம் கேட்டேன். மூடியைத் திறந்து காட்டினார். உட்பக்கத்தில் நீங்கள் எழுதி ஒட்டிய காகிதம் அப்படியே இருக்கிறது. "எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டு மட்டும். நான்கு ஓம்ஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. அண்ணா, கை வைக்காதே." ஓம்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். "தடைம்மா. ரெண்டு ஸ்பீக்கரையும் ஒரே ஜோடிக் கம்பியில பக்கம் பக்கமா மாட்டுனா எட்டு பாதியாகி நாலாயிரும். பெட்டி அதைத் தாங்கும். மூணாவதையும் அதுலயே மாட்டுனா மூணுக்கும் கீழ போயிரும். கரண்டு கண்டமேனிக்கு இழுத்து, பெட்டி சூடேறி வெந்துரும்" என்றார். பேசிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மழை ஈரம் எறங்கியும் போயிருக்கலாம்மா, ஒண்ணும் சொல்ல முடியாது" என்று பேச்சை மாற்றினார்.

மூன்றாவது ஸ்பீக்கரை வாங்கி மாட்டச் சொன்னவள் நான். நீங்கள் மாட்டிய இரண்டும் முன் சீட்டுக்கு அடியில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அத்தை முன்னால் உட்காருவார்கள். நானும் செல்வியும் பின்னால். எஞ்சின் இரைச்சலில் எங்களுக்குப் பாதி கேட்காது. ஊரிலிருக்கிற கூலிக்காரர்களுக்கெல்லாம் பாட்டு, பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லையா என்று ஒரு மாதம் குத்திக்காட்டினேன். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றார். தம்பியைக் கேட்காமல் ஒரு ஸ்பீக்கர் மாட்டத் தெரியாதா என்று அதற்கும் சிரித்தேன். அந்தப் புதன்கிழமை அவரே மாட்டினார். செல்வி கை தட்டினாள். மறுநாள் எரிந்திருக்கிறது. என்னிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மலையில் பாட்டு எதற்கு என்று அவர் எப்போதும் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "பாட்டு நின்னா கண்ணு அசந்துருது" என்பார். அதற்காகத்தானே அந்தப் பெட்டியையே நீங்கள் செய்து கொடுத்தீர்கள்? அந்த வாரம் பறிப்பு உச்சத்தில் இருந்தது. சரியாகத் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலையில் ஃபிளாஸ்கில் கடுங்காப்பி கேட்டார். என்றைக்கும் கேட்காதவர். நான் ஏன் என்றுகூடக் கேட்காமல் போட்டுக் கொடுத்தேன். லாரிக்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்தும் உங்கள் அண்ணனுக்கு ஏன் கேட்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இதை அத்தையிடம் சொல்லவில்லை. சபையிலும் சொல்லவில்லை. பத்து மாதம் உங்கள் தலையில் நான் ஏற்றிய பாரம் எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். மன்னிக்க முடியாவிட்டாலும் அத்தைக்காக வாருங்கள்.

கம்பிகள் எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகின்றன என்று ஒச்சாண்டியை நிற்கவைத்து, பார்த்துப் பார்த்துப் படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு, கறுப்பு எல்லாம் குறித்திருக்கிறேன். ஒச்சாண்டி எனக்காக இரக்கப்பட்டுப் பேசுகிறார். நீங்கள் அப்படிப் பேச வேண்டாம். படத்தைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள். மூன்றாவது ஸ்பீக்கரால்தான் பெட்டி எரிந்ததா? இல்லை என்றால் ஒரு கார்டு போட்டால் போதும். ஆமாம் என்றால் கடிதத்தில் எழுதாதீர்கள், தம்பி. நேரில் வந்து சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களை வழியெல்லாம் காத்து, பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் மதினி,
ஜெபராணி