எந்த காலேஜ்?

செவ்வாய், இரவு

இன்று கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜூனியர் ரெசிடென்ட் டாக்டர் வேலைக்கு நேர்காணல். மூச்சுத்திணறலோடு வரும் நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னேன். பெரிய டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"எந்த காலேஜ்ம்மா?"

கிர்கிஸ்தான் என்றேன்.

"ஓ, ஃபாரினா?" பேனாவை மூடிவிட்டார்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் முதல் முறையே தேறியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அரசுக் கல்லூரிப் பையன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "ஒரு கேள்வியும் கேக்கலங்க" என்றான்.

போன மாதம் போன இடத்திலும் இதே கதைதான். இனி எந்தக் கதவைத் தட்டுவது?

வடக்குத்தில் வீடு வந்து சேர்ந்தபோது அப்பா ஷிப்ட் முடிந்து சாப்பிடாமல் காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா அழுதுகினு இருக்க? மைன்ஸ்லயும் அப்படித்தான். பர்மனென்ட் ஆளும் நானும் ஒரே பெல்ட்டுலதான் கரி அள்றோம். கேட் பாஸ் கலருதான் வேற. பொறுத்துகினு இரு, ஒரு நாளைக்கு நம்மளையும் பர்மனென்ட் ஆக்கிடுவாங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். சரிப்பா என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா கான்ட்ராக்ட்தான்.