மூடியில் ஈரம்

மார்ச் 3

இன்று நான் நடத்தும் சமையல் வகுப்புக்கு ஆறு வெளிநாட்டுப் பயணிகள். மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் சூப், முட்டைச் சுருள், முள்ளங்கி ஊறுகாய். சுருட்டத் தெரியாமல் ஒருவர் முட்டையைக் கிண்டியே விட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

வழக்கம்போல என் கணவர் நோரியோவுக்கும் ஒரு தட்டு வைத்தேன். வெளியூர் போனவருக்கு வீட்டில் தட்டு வைப்போம். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய சூப் கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்போம். உள்ளே நீர் கோத்திருந்தால் போனவர் நலம்.

கணவாய் மீன் பிடிக்கப் போன அவர் படகை நவம்பர் புயல் கொண்டுபோனது. பலகைகள் கரை ஒதுங்கின. அவர் வரவில்லை.

மூடி நனைந்திருந்தது.

மார்ச் 5

ஈரம்.

மார்ச் 9

கினுயோ அண்ணி மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். நோரியோவின் அக்கா, வகுப்பில் எனக்குக் கூடமாட உதவுபவர். கோயில் குருவிடம் பேசிவிட்டாராம். உடல் கிடைக்காவிட்டாலும் இறுதிச் சடங்கு செய்யலாமாம். உயிரோடு இருப்பவருக்கு எதற்குச் சடங்கு என்று கேட்டேன்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தி மூடுனா ஈரம் வராம வேற என்னடி வரும்?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ பொண்டாட்டி, சரி. நான் அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ. நான் போறதுக்குள்ள அவனை வழியனுப்பணும்."

எனக்குத் தெரியாதா? மிசோ கலந்த பிறகு கொதிக்க விடாதீர்கள், வாசனை போய்விடும் என்று பயணிகளிடம் படித்துப் படித்துச் சொல்கிறேன். நோரியோவுடையதை மட்டும் தனியே எடுத்துக் கொதிக்க வைக்கிறேன். எதற்கு? யாரை ஏமாற்ற?

விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

மார்ச் 14

காய்ந்திருந்தது.

மூடி காய்ந்திருந்தது. சொட்டு ஈரம் இல்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீதி வகுப்பை அண்ணிதான் முடித்தார்.

எல்லோரும் போன பிறகு இல்டா என்ற போர்ச்சுகல் பெண் மட்டும் தயங்கி நின்றாள். தெரிந்த அளவு எங்கள் மொழியில், "மூடியைத் திறந்து பார்த்தேன்மா, தண்ணி சொட்டிச்சு. துடைச்சு, சூப் ஆறினதும் மூடிட்டேன். தப்பா?" என்றாள். தப்பில்லை என்று சொல்லி, மிச்சமிருந்த முட்டைச் சுருளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்படியென்றால் ஈரம் இருந்திருக்கிறது. நான் துள்ளியிருக்க வேண்டாமா? ஐயோ, நாளைக்கும் பார்க்கணுமா என்றுதான் தோன்றியது. காய்ந்த மூடியைப் பார்த்த அந்த ஒரு கணம் மனசு பாரம் இறங்கி உட்கார்ந்ததே — அழுகைக்கு முன்னால் வந்தது அதுதான். ச்சீ, நான் என்ன பொம்பளை?

மார்ச் 15

அண்ணியிடம் சொன்னேன், அதையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் களைச்சுப் போச்சுடி" என்றார். இரண்டு பேரும் அழுதோம்.

மார்ச் 16

தட்டு வைக்கவில்லை.

ஏப்ரல் 2

சடங்கு முடிந்தது. பெட்டியில் வைக்க அவர் இல்லாததால், அவருடைய கம்பளித் தொப்பியையும் சவரக்கத்தியையும் வைத்தோம்.

இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் மட்டும்தான் உண்ணும் குச்சிகளை நேராகக் குத்தி நிறுத்துவோம். அவர் கிண்ணத்தில் சோற்றைக் குவித்தேன். அண்ணி குச்சிகளை என்னிடம் நீட்டி, "நீயே வை" என்றார்.

வாங்கிச் சோற்றின் நடுவில் குத்தினேன். குச்சிகள் சாயாமல் நின்றன.