ஏழாம் ஆண்டு டப்பா டிவிக் கூட்டம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. ஜன்னலை அடைத்தும் கரிசல் தூசி முன்னறைக்குள் வந்து டிவிகளின் மேல் படிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் துடைத்தேன்.

மற்ற வீடுகளில் டப்பா டிவிகளை எடைக்குப் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. இங்கே ஓர் அறை நிறைய இருக்கின்றன. தொண்ணூறுகளில், கான்வென்டில் தமிழ் மிஸ்ஸாக இருந்துகொண்டே, இதே அறையில் நான் வீடியோ கேம் கடை நடத்தினேன். அன்று டவுசரோடு வந்த பிள்ளைகளுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. ஆறு வருடமாக, வருடத்தில் ஒரு நாள், அவர்கள் பழைய கேம் மெஷின்களையும் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு வருகிறார்கள். கேள்விப்பட்டு வெளியூர் ரசிகர்களும் வருகிறார்கள். கூட்டத்தை நடத்துவது நான். டிவிகளுக்கு வயர் பூட்டி, படம் உருளாமல் நிறுத்துவது என் வீட்டுக்காரர்.

பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

மதியம் அழகிரிசாமி போன் செய்தான். அந்தப் பிள்ளைகளில் மூத்தவன். மதுரையில் பாங்கில் இருக்கிறான். “மிஸ், இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. இங்கன ஒரு ஏசி ஹால் பேசியிருக்கேன். இனிமே மதுரையிலயே வச்சுக்கிடுவோம்.”

இனிமே. அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னான், நோயாளிக்கு மாத்திரை நீட்டுவது போல.

கூட்டம் இங்கேதான் நடக்கும், நான்தான் நடத்துவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆசையா? இல்லை. நாலு மாதமாக எதிலும் ஆசை இல்லை. ஆனால் என் கையில் இருப்பதை ஒருவர் இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டு போவதை நான் அனுமதிக்க மாட்டேன். இன்று எனக்குத் தெரிவது இவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

குளத்தூரிலிருந்து அவர் தங்கை ரெங்கம்மாள் போன். அழகிரிசாமியின் அம்மா சொல்லியிருக்கிறாள் போல.

“மதினி, எங்கண்ணன் போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள மண்டபம் பிடிச்சு ஆட்டம் போடப்போறீயளாம்லா?”

“ஆட்டம் இல்லை, ரெங்கம்மா. விளையாட்டு.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? வாரவன் போறவன்லாம் என்ன சொல்லுவான்? தலைத்திவசம் வரைக்கும் நம்ம வீட்டுல ஒரு விசேஷம் உண்டா? பொங்கப்பானை வைக்கமாட்டோம், தீபாவளிக்குச் சட்டி வைக்கமாட்டோம். நீங்க டிவிப்பெட்டிய வைக்கப்போறீய!”

விசேஷம் இல்லை என்றேன். பிறகு என்னவென்று கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 14, சனி

ஆடி பிறப்பதற்குள் கல்யாணங்களை முடிக்க வேண்டும் என்று ஊரே அலைகிறது. எந்த மண்டபத்திலும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கடைசியில் சங்கக் கட்டடம், ஜூலை 12, சனிக்கிழமை. பழைய கட்டடம், ஜெனரேட்டர் கிடையாது. ஆனால் சுத்தமாக இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தேன். வழக்கமான விதிகளும் போட்டேன்: செருப்பு வெளியே. கெட்ட வார்த்தை கூடாது. யாரும் கேசட்டில் ஊதக் கூடாது. எச்சில் பட்டால் உள்ளே இருக்கும் உலோகப் பின்கள் துருப்பிடிக்கும். ஸ்பிரிட்டும் பஞ்சும் மேசையில் இருக்கும்.

எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். மற்ற வருடங்களில் ஊதுவதைப் பற்றி ஒரு சண்டையாவது நடக்கும்.

ஜூன் 20, வெள்ளி

கேசட்டுகளைத் துடைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

அழகிரிசாமி நேரில் வந்தான். பழம் வாங்கி வந்திருந்தான், ஆஸ்பத்திரிக்கு வருவது போல.

ஒவ்வொரு வருடமும் கூட்டம் தொடங்குவது டாங்க் கேமில். நானும் அவரும் ஒரே டிவி முன் உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஆடுவோம். மஞ்சள் டாங்க் நான், பச்சை அவர். எதிரியைச் சுடுகிறேன் என்று என்னைச் சுடுவார். கூட்டாளி குண்டு பட்டால் டாங்க் சாகாது, கொஞ்ச நேரம் நகராமல் நின்று மினுங்கும். பையன்கள் விசிலடிப்பார்கள்.

“சார் எடத்துல நான் உக்காரட்டுமா மிஸ்? இல்ல, அந்த ஆட்டமே வேண்டாம்னாலும்…”

“தனியாக, ஒரு ஆள் ஆட்டமாக வைத்து ஆடுவேன்.”

தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றுமில்லை. என் கண் எதற்காவது கலங்குமா? தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கயத்தாற்றிலிருந்து மைக்செட் இசக்கிபாண்டி வண்டியோடு வந்து டிவிகளைச் சங்கத்தில் இறக்கிவிட்டுப் போனார். மேசைகளுக்கு வெள்ளை விரிப்பு நானே விரித்தேன். நூல் பிடித்தது போல வரிசை. படம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வந்தது.

ஜூலை 12, சனி

எழுதிவிட வேண்டும்.

அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். திருப்பூரிலிருந்துகூட. ஒன்பது மணிக்கு டிவி முன் உட்கார்ந்தேன். திரையில் ஒரு ஆள், இரண்டு ஆள் என்று இரண்டு வரி. ஆறு வருடமும் இரண்டாவது வரிக்கு இறக்குவேன். இன்று இறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் டாங்க் வந்து நின்றது.

கரண்ட் போய்விட்டது.

எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. ஃபியூஸ் என்று நினைத்தேன். சங்கத்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு ரெண்டாம் சனிக்கிழமைலா? பராமரிப்பு. அஞ்சு மணிக்குத்தான் வரும். நேத்தே பேப்பர்ல போட்டிருந்தானே” என்றார்.

பேப்பரில் மின்தடைப் பத்தியை வாசிப்பது அவர் வேலை. காபியோடு உட்கார்ந்து ஊர் ஊராகச் சத்தமாக வாசிப்பார். நான் காதில் வாங்குவேன். பிப்ரவரிக்குப் பிறகும் பேப்பர் வருகிறது; நான் தலையங்கத்தையும் எழுத்துப் பிழைகளையும் பார்க்கிறேன். அந்தப் பத்தியை ஒருநாளும் பார்க்கவில்லை. அது என் பக்கம் இல்லை என்றே இருந்திருக்கிறேன்.

கூட்டம் பார்க்க வந்திருந்த இசக்கிபாண்டி வண்டியில் போய்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைக்கும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார். ஒரு டிவியைப் போட்டதும் படம் சுருள் சுருளாகச் சுற்றியது. “வோல்டேஜ் ஆடுதும்மா. டியூப்பு போயிரும்” என்றார். நிறுத்தச் சொன்னேன்.

மின்விசிறி இல்லை. கதவைத் திறந்தால் தூசி, அடைத்தால் புழுக்கம். எல்லாரும் என்னிடம் வந்து “பரவாயில்ல மிஸ்”, “யாருக்கும் நடக்கதுதான மிஸ்” என்றார்கள். ஒருவன் எனக்கு விசிறிவிட அட்டை எடுத்துவந்தான். வேண்டாம் என்றேன்.

பிறகு முத்துசெல்வி. புதூரில் செல்போன் கடை வைத்திருப்பவள். சிறுமியாக இருந்தபோது என் கடைக்கு வந்த ஒரே பெண்பிள்ளை. கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நேராக வந்தாள்.

“என்ன மிஸ் இது? கடையப் பூட்டிட்டு, ரெண்டு பஸ் மாறி, இந்த மெஷின மடியில வச்சுத் தூக்கிட்டு வாரேன். திருப்பூர்ல இருந்து வந்தவன் ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்திருக்கான். தேதி வைக்கதுக்கு முன்ன ஒருத்தர்ட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?”

அழகிரிசாமி பாய்ந்து வந்தான். “ஏட்டி, சும்மா இரி. அவிய இருக்க நெலமையில…”

“என்ன நெலம? கூட்டம் நடத்துத நெலமையிலதான இருக்காவ? நடத்துனா ஒழுங்கா நடத்தணும். சின்னதுல எங்கள எத்தன நாளு வெளிய நிறுத்தியிருக்காவ, கை கழுவலன்னு! சொல்லுங்க மிஸ், நான் கேக்கது தப்பா?”

“தப்பில்லை. பிழை என்னுடையதுதான்” என்றேன்.

“பின்ன?” என்றாள். மெஷினைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவர் போன பிறகு என்னை ஒருவர் திட்டியது இன்றுதான். சுடச்சுட இருந்தது. காதெல்லாம் சுட்டது. இதைத் துக்கம் என்று எழுத முடியாது. வேறு என்ன சொல்? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோது பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் ஆளுக்கொரு டிவியில் பாய்ந்து உட்கார்ந்து ஆடினார்கள். தொடக்க ஆட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பகல் முழுக்கத் தூங்கினேன்.

ஜூலை 16, புதன்

அழகிரிசாமியின் நீண்ட செய்தி. மிஸ்ஸின் உழைப்புக்கு நன்றி, மிஸ்ஸின் உடல்நிலை முக்கியம், ஆகவே அடுத்த ஆண்டு முதல் மதுரை, மிஸ் என்றும் நம் கௌரவத் தலைவர். பிழையே இல்லாத தமிழ். யாரிடமோ கொடுத்துத் திருத்தியிருக்கிறான்.

கௌரவத் தலைவர். மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு இந்த வீட்டில் ஒரு படம் போதும்.

ஜூலை 19, சனி

முத்துசெல்விக்குப் போன் செய்தேன்.

“கூட்டத்தை நீ நடத்துகிறாயா?”

“நானா? விளையாடாதீங்க மிஸ்.”

“ஒரே நிபந்தனை. கோவில்பட்டியை விட்டுப் போகக் கூடாது.”

அவள் கடையில் யாரோ சார்ஜர் கேட்டார்கள்.

“நடத்துதேன். ஆனா தேதிய நான்தான் வைப்பேன். நடுவுல நீங்க வந்து அத இப்படி வை, இத அப்படி வைன்னு சொல்லப்படாது.”

“சொல்ல மாட்டேன்.”

“பயலுவ கேசட்ட ஊதுவானுவ.”

“…ஊதட்டும்.”

“மிஸ், நெசமாவே உங்களுக்கு ஒடம்பு சரியில்லயோ?” என்று சிரித்தாள். பிறகு, மதுரைக்காரனைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பார்த்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முத்துசெல்வி புதூரிலிருந்து லோடு ஆட்டோவும் இரண்டு ஆட்களும் கொண்டுவந்தாள். இருக்கும் இடத்திலிருந்து நடத்தினால்தான் சரிப்படும், டிவிகள் தன் கடை மாடியில் இருக்கட்டும், கூட்டத்தன்று கோவில்பட்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவேன் என்று கேட்டிருந்தாள். நியாயம். நானும் சரி என்றிருந்தேன். கட்டுவதற்குப் பழைய சேலைகள் கொடுத்தேன். ஒரு டிவியைச் சாய்த்து வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டோ போன பிறகு முன்னறையைப் பெருக்கினேன். சுவரில் டிவிகள் இருந்த இடம் மட்டும் பழைய பச்சையில் பளிச்சென்று இருக்கிறது. அறை இவ்வளவு பெரியது என்று தெரியாது.

சாயங்காலம் ரெங்கம்மாள் போன். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

“கொடுத்திட்டீயளாமே மதினி, எல்லாத்தையும்.”

“ஆமாம்.”

“இனி அந்த ரூமுல என்ன செய்யப்போறீய?”

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியவில்லை, ரெங்கம்மா, எனக்கு என்ன செய்யதுன்னே தெரியல, அவிய இல்லாம எனக்கு ஒண்ணுமே… என்று வந்தது. கான்வென்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஊர்ப் பேச்சில் பேசியதில்லை. அதற்கு மேல் பேச்சு வரவில்லை, வேறு சத்தம்தான் வந்தது.

அந்தப் பக்கமும் அதே சத்தம். எனக்குப் புருஷன், அவளுக்கு அண்ணன். இதுவரை எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சு நடக்கவில்லை.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.