கதவைத் திறந்த அக்கா

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால் எழுதவில்லை. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. உன் தம்பியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதற்குள் மூச்சு வாங்குகிறது. முப்பத்திரண்டு வயது ஆள், கனக்கமாட்டானா?

வீட்டு வசதி அலுவலகத்து அதிகாரி வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் நேரில் வந்து நிற்க வேண்டுமாம். இல்லையென்றால் எனக்கு ஏதாவது ஆனதும் அவர்கள் கொடுத்த இந்த வீடும் போகும், உதவித்தொகையும் நிற்கும். அவன் காப்பகத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவன் ஒரு வாரம் தாங்கமாட்டான். ஒரு நடை வந்துவிட்டுப் போ, கண்ணு.

அன்புடன்,
அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே தலைக்கு மேல் வேலை. விடுப்பு என்று வாயைத் திறந்தாலே மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. தம்பிக்கு என் முத்தம்.

உன் மகள்

ஏப்ரல் 10

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டித் தீர்த்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம். அதற்குள் நீ வந்து நிற்பாய் என்று யார் கண்டது?

நேற்று தம்பி தூங்கியதும் வெளியே பூட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போனேன். திரும்பும்போது தெருமுனையில் அதிகாரி எதிரே வந்தாள். “உங்க பொண்ணுதான் கதவைத் திறந்தாங்க. குளிப்பாட்டறதுக்கு முன்னாடி துண்டைக் காட்டிட்டுத்தான் அவரைத் தொடணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். உன் புருவத்துத் தழும்பைக்கூடச் சொன்னாள். ஓடி வந்து பார்த்தால் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்குகிறது. உள்ளே தம்பி தலை சீவி, சட்டை மாற்றி உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, என் முகத்தில் விழிக்காமல் ஏன் போனாய்?

அம்மா

ஏப்ரல் 27

அம்மா,

நான் வரவில்லை. இந்த ஊரைவிட்டு ஒரு அடி நகரவில்லை. துண்டைக் காட்டுவது நம் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாதே. பூட்டை மாற்று. தம்பியைத் தனியாக விடாதே.

மகள்

மே 15

மகளுக்கு,

பூட்டை மாற்றிப் பயன் இல்லை. இப்போது நான் வீட்டில் இருக்கும்போதே சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. முதல் நாள் உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எட்டிப் பார்த்தேன். ஆனால் தம்பிக்குத் துளிப் பயமில்லை. உன் முகத்தோடே வந்திருக்கிற அவள் நகம் வெட்டினால் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறான். நேற்று என் முழங்காலுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டாள். கை சூடாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் அவளையே பொறுப்பாளராகப் பதிந்துவிட்டார்கள். எத்தனை வருடம் கழித்து நன்றாகத் தூங்கினேன் தெரியுமா?

அம்மா

மே 30

அம்மா, என் அம்மா,

விடுப்புத் தரவில்லை, வேலையையே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் கிளம்புகிறேன். அவள் எதைக் கொடுத்தாலும் வாங்காதே. நான்தான் அம்மா உன் மகள்.

மகள்

ஜூன் 20

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள்தான் படித்துக் காட்டினாள். பாவம், யாரோ அம்மாவைத் தேடுகிறார்கள் என்று அவளுக்கும் வருத்தம். இப்போதெல்லாம் என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

போன வாரம் வெகுநேரம் எங்கள் கதவைத் தட்டியது நீங்கள்தானா? உங்கள் குரலைக் கேட்டு என் மகன் மிரண்டுபோய் அக்காவின் கையை விடவே இல்லை. அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் பொழுது போய்விட்டது. தயவுசெய்து இனி வர வேண்டாம்.

உங்களையும் உங்கள் வீட்டில் தேடுவார்கள். பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்