உன் மேடத்துக்கு நான் பார்த்த ஹோட்டல்

டயகம
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து

அன்பு மகள் தனுஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை சுகம், பனி சுகம், அட்டைகளும் நல்ல சுகம், இவற்றுக்கு நடுவில் நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று இன்று பூசையிலும் கேட்டுக்கொண்டேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மேல் டிவிசன் பிரேமினி லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பிள்ளை லுல்வா உன் மடியில் ஏறிவிடுகிறது, அப்புறம் நீ என்னை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தின் மேல் யாரும் ஏறி உட்கார முடியாது.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, பெக்டரிக்கு நடந்துதான் போகிறார். நீ போன முறை அனுப்பிய குரல் பதிவில் அவர் காலைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாய், அதுவும் கடைசியில், மற்றதெல்லாம் லுல்வா சாப்பிட்டது, லுல்வா சாப்பிடாதது, லுல்வாவுக்குப் பல் விழுந்தது. நான் குறை சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறேன். இன்னொன்றும் கேட்டேன். மேடத்தின் வீட்டு மாடியை "நம்ம வீட்டு மாடி" என்றாய், கூரைத் தகரம் மாற்றியாயிற்றா என்று விசாரிக்கும்போது "உங்க வீடு" என்றாய். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் அந்த இடத்தை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டதைப் பார்த்து அப்பா, "ஏண்டி, பல்லு விழுந்த புள்ளயோட போட்டிக்கு நிக்கிறியா" என்று சிரித்தார். சிரிக்கட்டும். புத்தகங்களில் பொறாமை வரும்போதெல்லாம் அது பெரிய வீட்டு ஆட்களுக்கு வருகிற வியாதி என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். இந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவிலும் அதற்கு இடம் இருக்கிறது. அன்றைக்கு வீடியோவில் அந்தப் பிள்ளை உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, அதன் விரல் உன் கூந்தலுக்குள் இருந்தது, நீ என்னுடைய தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தாய். அதைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளுக்கு நான் பாடுகிறேன், அதில் ஒன்றுமில்லை. ஆனால் நீ வேறு யாருக்கோ பாடியபோது என் வீட்டுக்குள் வந்து எதையோ எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பிள்ளைக்காம்பராவுக்குத்தான் வருவாய். கொழுந்து பறிக்க மலைக்குப் போன தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளை ஏதாவது ஒன்று எப்போதும் என் கையில் இருக்கும். நீ புத்தகப் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அத எறக்கி வைங்கம்மா" என்பாய். இறக்கி வைத்த பிறகும் உடனே வரமாட்டாய், என் இரண்டு கையும் சும்மா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாய். உன்னிடம் அப்போது இருந்தது இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

சரி, ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன். உன் மேடம் விடுமுறைக்கு நம் தீவுக்கு வருவதாகவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உன்னையும் கூட்டி வருவதாகவும் நீ சொன்னபோது நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பார்க்காத பிள்ளை ஒரே நாட்டுக்குள் வந்து நிற்கப் போகிறது. அப்புறம்தான் மீதியைச் சொன்னாய், மேடத்துக்கு வேண்டியது கடலும் தென்னை மரமும்தான், ஆனால் நுவரெலியாவில் நம்பிக்கையான ஹலால் ஹோட்டல் ஒன்று கிடைத்தால் சில நாள் குளிருக்கு வருவார், அப்படி வந்தால் உனக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போக லீவு, இல்லாவிட்டால் முழுக்கக் கடற்கரையிலேயே, லீவு கிடையாது. "அம்மா, நீங்க நேர்ல போய்ப் பாத்துச் சொல்லுங்க, எங்கம்மா பாத்துட்டாங்கன்னு சொன்னா மேடம் நம்புவாங்க" என்றாய். அந்த அம்மா என்னை நம்புவாராம். இந்தத் தீவிலேயே பிறந்த நான் கடலைப் பார்த்தது தலவில கோயில் திருவிழாவுக்குப் போனபோதுதான், நீ அப்பா தோளில் இருந்தாய். என்னைப் போய்த் தங்குவதற்கு இடம் பார்க்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் உன்னைக் கூட்டி வருவது என் ஒரு வார்த்தையில் இருக்கிறதே என்று ஆசை.

பன்றி இறைச்சியும் சாராயமும் இல்லாத ஹோட்டல் என்றால் போதும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுப் போவோம் என்று தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் ரஸீனா ராத்தாவிடம் போனேன், நீ கோயிலில் முதல் நன்மை வாங்கிய வெள்ளைச் சட்டைக்கு அவர் கடையில்தான் துணி எடுத்தோம். நான் சொன்னதைக் கேட்டு, "என்னா யூஜினா, பன்டி இல்லாட்டி ஹலாலா, அப்புடீன்னா சைவக்கடை மொதலாளியெல்லாம் ஹாஜியாரா" என்று சிரித்தார். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னார். இறைச்சி முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும், அது வேகிற சட்டியிலும் வெட்டுகிற கத்தியிலும் ஹராமானது படக்கூடாது, புடிங்கில், கேக்கில் ஊற்றுகிற ஒரு மூடி பிராந்தியும் கூடாது. அறையில் இருக்கிற சின்ன பிரிட்ஜில் போத்தல்களை எடுத்துவிட வேண்டும், தொழுகிற திசை தெரிய வேண்டும், கழிவறையில் தண்ணீர்க் குழாய் வேண்டும், நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று மறைவான நேரம் வேண்டும், அந்த நேரத்தில் காவலுக்கு நிற்பதும் பெண்ணாக இருக்க வேண்டும். எனக்கு அதைக் கேட்கக் கேட்க உன் மேடத்தின் மேல் இன்னொரு பொறாமையும் சேர்ந்துகொண்டது. தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருக்கிறது, அதைக் கேட்கக் கூச்சமும் இல்லை. நான் என் வாழ்க்கையில் எந்த இடத்துக்குப் போயும் எனக்கு இது வேண்டும் என்று சொன்னதில்லை, கொடுத்த பாயில் படுத்துவிட்டு வருவேன்.

நுவரெலியாவில் உன் ஜூட்சன் மாமா குசினியில் வேலை செய்யும் ஹோட்டலுக்கே போனேன், பழைய துரை பங்களா, உனக்குத் தெரியும். மனேஜர் நல்ல மரியாதையாக நடத்தினார், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஹலால் சான்றிதழைக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. பின்பக்கம் போய்த் தம்பியிடம் சொன்னபோது அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, அது கோழி அனுப்புற கம்பெனியோட பேப்பரு. கோழி முஸ்லிம்தான், அது குளிக்கிற சட்டிதான் நம்ம ஆளு" என்றான். காலையில் வெள்ளைக்காரர்களுக்குப் பன்றி வாட்டுகிற தட்டிலேயே முட்டையும் பொரிக்கிறார்கள், நானே பார்த்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவன், "விடுங்கக்கா, சரியா இருக்குன்னு எழுதிப் போடுங்க, யாரு வந்து சட்டிய மோந்து பாக்கப் போறா, நம்ம புள்ள ஒரு நாளு வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன்னைத் தூக்கி வளர்த்தவன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் பிள்ளையை இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறவர், அந்தச் சட்டியில் கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன், இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் நினைத்தது உண்மை. அக்கரப்பத்தனை தாண்டுவதற்குள் நீ வருகிற நாளுக்கு என்ன சமைப்பது என்பது வரைக்கும் போய்விட்டேன். ரொட்டியும் கட்டச் சம்பலும், மத்தியானத்துக்கு நெத்தலிக் குழம்பு, போகும்போது உனக்குக் கட்டிக்கொடுக்க முறுக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பிள்ளைக்காம்பராவில் முட்டை கொடுக்கிற நாள். நாகலெட்சுமி, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்தாள், போன வாரம் பிந்திப் போய்த் தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவிடம் ஏச்சு வாங்கியிருந்தாள். மகளை என் கையில் திணித்துவிட்டு, "டீச்சர், வெள்ளிக்கெழம, முட்ட வேணாம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள். நான் தலையாட்டினேனா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் இதேதான். நான் அந்தச் சின்னதுக்குக் கடலை கொடுத்துவிட்டு முட்டையைச் சனிக்கிழமைக்கு எடுத்து வைப்பேன், அது மற்றப் பிள்ளைகளின் தட்டைப் பார்த்து அழும், அழுதாலும் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அவளுக்குத் தெரியப் போவதில்லை, பிள்ளைக்கும் நல்லதுதான். ஆனால் தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதைக் கொடுத்தால், நாளைக்கு அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்குவதற்கு நான் தகுதியில்லாதவள் ஆகிவிடுவேன். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் உன் மேடமும் படியிறங்கிப் போகிற ஒரு தாய் என்று எனக்கு உறைத்தது. அவர் வேண்டாம் என்பதை லுல்வாவுக்கு ஊட்டப் போகிறது தம்பியும் இல்லை, மனேஜரும் இல்லை, நீதான். என் பொய்யை உன் கையால் ஊட்ட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகையால் நுவரெலியா ஹோட்டல் வேண்டாம், மேடத்திடம் காரணத்தையும் சொல்லிவிடு. நீ பெயர் அனுப்பியிருந்த பேருவளைப் பக்கத்துக் கடற்கரை ஹோட்டலுக்கு நானே போன் போட்டேன். சிங்களத்தில் தொடங்கினேன், எடுத்த பெண் என் தடுமாற்றத்தைக் கேட்டுத் தமிழுக்கு வந்துவிட்டாள். ராத்தா சொன்னதை ஒன்று விடாமல் கேட்டேன், குசினிக்கே சான்றிதழ் இருக்கிறது, சாராயம் வளவுக்குள்ளேயே இல்லை, அறையில் தொழுகை விரிப்பும் திசைக்கு அம்புக்குறியும் உண்டு, சின்னப் பிள்ளைக்குக் காரமில்லாமல் தனியாகச் சமைப்பார்கள். குளத்துக்குச் சுற்றிலும் மதில், காலையில் பெண்கள் நேரம், காவலுக்கும் பெண்தான். கடைசியில், யாரும் சொல்லித் தராத கேள்வி ஒன்றை நானாகக் கேட்டேன், வெளியிலிருந்து ஒரு பொம்பளை அந்த நேரத்துக்கு வரலாமா என்று. சீட்டு எடுத்தால் வரலாம், குளிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஓரத்தில் உட்காரலாம் என்றாள். எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை, உன் மேடத்திடம் படித்தது.

ராத்தாவின் தங்கை வீடு பேருவளையில் இருக்கிறதாம், "நீ அங்க தங்கு, நானும் வாறேன், எனக்கும் கடலப் பாத்து நாளாச்சு" என்கிறார். அப்பா மதிலுக்குள் வர முடியாது, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருப்பார், பிள்ளையை உலாத்தக் கூட்டி வருகிற சாக்கில் அந்தப் பக்கம் நடந்து போ, போதும். ஒளித்து ஒன்றும் செய்யாதே, நான் வருவதை மேடத்திடம் முன்கூட்டியே சொல், வேண்டாம் என்றால் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பு, நான் வரமாட்டேன். உனக்கு நீந்தத் தெரியாது, பிள்ளைக்குப் பின்னால் ஆழத்துக்கு இறங்கிவிடாதே. வெயிலில் நிற்கும்போது தலையை மூடிக்கொள். முறுக்கும் மாசிச் சம்பலும் கொண்டு வருகிறேன், முறுக்கு வெறும் அரிசி மாவும் தேங்காயெண்ணெயும்தான், புதுச் சட்டியில் சுடுகிறேன், லுல்வாவும் சாப்பிடலாம். பார், நானே அதற்கும் சேர்த்துச் சுடுகிறேன்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ தூக்குகிற பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, அப்பாவும் உனக்கு நெற்றியில் சிலுவை போடச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் அந்த மதில் வாசலில் வந்து நிற்கும்போது உன் இடுப்பில் அந்தப் பிள்ளை இருக்கும், அதன் விரல் உன் கூந்தலுக்குள் இருக்கும், எனக்குத் தெரியும். நான் வாசலிலேயே நிற்பேன், பையையும் கீழே வைக்க மாட்டேன். அதை அதன் தாயிடம் கொடுத்துவிடு, கொஞ்ச நேரம்தான். இரண்டு கையும் சும்மா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே வருவேன். அத எறக்கி வைம்மா.

இப்படிக்கு,
கடற்கரைக்குச் சேலையோடு வரப்போகும்
உன் அம்மா
யூஜினா